எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வது?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து 65 வயதான வாசகர் ஒருவர் நான்கு பக்கங்களில் கையால் எழுதி அனுப்பிய கடிதத்தின் சுருக்கம் இது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“இலங்கையில் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 1960-இல் பிறந்தேன். 1973-இல், என் 13 வயதில், அப்பா, அம்மா, தங்கையோடு இந்தியாவுக்கு வந்தேன். அப்பாயி (அப்பாவின் தாய்) மட்டும் சித்தப்பாவோடு அங்கேயே நின்றுவிட்டார். கோச்சி (ரயில்) நகர்ந்தபோது அவர் பிளாட்பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டதைத்தான் கடைசியாகப் பார்த்தேன். கோத்தகிரியில் தேயிலைத் தோட்ட வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டேன்; அப்பாவை இங்கேதான் அடக்கம் செய்தோம். ஆனாலும் இங்கே நான் இன்றைக்கும் சிலோன்காரன். 2024-இல், 51 ஆண்டுகள் கழித்து, பிறந்த தோட்டத்துக்குப் போனேன். அங்கே நான் ‘இந்தியாப் பெரியப்பா’. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) வேறொரு குடும்பம் இருந்தது. தேத்தண்ணி கொடுத்து நன்றாகத்தான் உபசரித்தார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. திருச்சி மாவட்டத்தில் துறையூர்ப் பக்கம் எங்கள் பூர்வீகம் என்று அப்பா சொல்வார். 1986-இல் போய் விசாரித்தேன். எங்கள் பெயரை அறிந்தவர் எவருமில்லை. நான்கு மாதங்களுக்கு முன் என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், ‘உங்களுக்குச் சொந்த ஊர் எது?’ என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் என் மகன் ‘துறையூர்ங்க’ என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. தினமும் இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன். எனக்கு ஊர் என்று ஒன்று இருக்கிறதா? மகன் செய்தது சரியா? செத்தால் எந்த மண்ணில் புதைக்கச் சொல்வது?”

அன்புள்ள ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தின் பாரம் முழுவதும் ஒரே இடத்தில், நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே மகன் உங்களுக்காகப் பதில் சொன்ன அந்த இடத்தில், இறங்கியிருக்கிறது. ஆகவே மகனிடமிருந்து தொடங்குகிறேன். அதற்கும் முன்பாக உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான்கு மாதங்களாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, பிறகு உறக்கம் வராமல் இருப்பதை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். 60 வயதைக் கடந்தவர்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படாமல், உறக்கக் குறைவாகவும் பசியின்மையாகவும்தான் வெளிப்படுகிறது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு முறை காட்டிக்கொள்ளுங்கள். மலையிலிருந்து இறங்கிப் போவது சிரமம் என்றால், 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ இலவச ஆலோசனைச் சேவையைத் தமிழிலேயே பெறலாம். மகனோடு பேசுவதற்கு முன் ஒரு வாரமாவது நீங்கள் ஒழுங்காக உறங்கியிருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மகன் செய்தது சரியா என்று கேட்கிறீர்கள். சரியில்லை. தகப்பன் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், தகப்பனின் பிறப்பைப் பற்றிய கேள்விக்கு, அவரை முந்திக்கொண்டு பாதிப் பதிலைச் சொன்னது தவறுதான். ஆனால் அவர் உங்களைக் குறித்து வெட்கப்பட்டதால் அப்படிச் சொன்னார் என்று நீங்கள் கடிதத்தில் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நான் உங்களோடு உடன்படவில்லை.

நம்மிடையே முன்பின் அறியாத இருவர் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது ஊரைத்தான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும்போது அதில் பெரும்பாலும் அன்பு உண்டு. நீங்கள் சொல்லும் ஊரில் அவருடைய அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தாலோ, அவர் ஒரு காலத்தில் அங்கே வேலை பார்த்திருந்தாலோ, அந்த நொடியிலேயே நீங்கள் அவருக்குப் பாதி உறவாகிவிடுவீர்கள். அதே கேள்வி, பெண் பார்க்க வந்த இடத்தில் கேட்கப்படும்போது அதற்குள் இன்னொரு கேள்வி காத்துக்கொண்டிருக்கிறது. சாதியை நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் ஊரைக் கேட்பார்கள், பிறகு ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள், பிறகு குலதெய்வம் எது என்பார்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்விகளைக் கேட்காமலேயே தாங்களாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மகன் கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். இந்தக் கேள்வியை அவர் எத்தனை முறை எதிர்கொண்டிருப்பார், எத்தனை விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருப்பார் என்பது உங்களுக்குத் தெரியுமா?

மகன் 1989-இல் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் பள்ளிக்குப் போகத் தொடங்கியது 1990-களின் நடுவில். 1991 மே மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாட்டில் ‘சிலோன்’ என்ற சொல்லைக் கேட்டதும் கேட்டவரின் முகம் மாறிய ஆண்டுகள் அவை. போரினால் அகதிகளாக வந்தவர்களுக்கும், அதற்கு வெகுகாலம் முன்பே இரண்டு அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி முறையாகப் பாஸ்போர்ட்டோடு வந்த உங்களுக்கும் உள்ள வேறுபாடு பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அக்கறையும் எல்லோருக்கும் இருந்ததில்லை. நீங்கள் அந்தச் சொல்லை வளர்ந்த ஆளாக, தோட்டத்தில் உங்களைப் போன்ற நூறு குடும்பங்களுக்கு நடுவில் நின்று கேட்டீர்கள். உங்கள் மகன் அதை ஆறேழு வயதில், வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கக்கூடும். உங்களுக்கு அது நீங்கள் பிறந்த மண்ணின் பெயர். அவருக்கு அது பார்த்தே இராத ஒரு மண்ணின் பெயரால் விழுந்த பட்டப்பெயர். இருவரும் அதை ஒரே விதமாகக் கேட்டிருக்க முடியாது.

ஆகவே நீங்கள்தான் முதலில் பேச வேண்டும், ஐயா. மூத்தவர் இறங்கிப் போவதா என்ற தயக்கம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. ஆனால் நான்கு மாத மௌனத்தை உடைக்கும் வலிமை இளையவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதை இத்தனை ஆண்டு ஆலோசனைப் பணியில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பேசும்போது “அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய்?” என்று தொடங்காதீர்கள், அது குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக் கேட்கும் கேள்வி. “பள்ளிக்கூடத்துல உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு அவரிடம் 30 ஆண்டுகளாகப் பதில் இருக்கிறது; யாரும் கேட்கவில்லை என்பதால் அவர் சொல்லவில்லை.

இனி ஊரைப் பற்றி.

நீங்கள் பிறந்தபோதே நாடற்றவராகப் பிறந்தீர்கள். 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், தலைமுறைகளாக அந்த மலைகளில் காப்பியும் தேயிலையும் வளர்த்த மக்களில் மிகப் பெரும்பாலோரை அந்த நாட்டின் குடிகள் அல்லர் என்று சொல்லிவிட்டது. 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் கையெழுத்திட்ட ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. குடும்பங்கள் எப்படிப் பிரியும், யாருடைய தாய் யாரோடு நிற்பாள் என்பதெல்லாம் அந்த எண்களில் இல்லை. உங்கள் வீட்டில் அந்தக் கோடு அப்பாயிக்கும் உங்களுக்கும் நடுவில் விழுந்தது. அந்த ரயில்களுக்கு மலையகத்து மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர் வைத்தார்கள்.

பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் உங்கள் பெயரை எழுதியபோது கொடுத்த பட்டம் ‘தாயகம் திரும்பியவர்’. பதின்மூன்று வயதுப் பையன், தான் பிறந்த ஒரே இடத்தை விட்டு, அதுவரை கண்ணால் பார்த்திராத ஒரு நாட்டில் காலை வைக்கும்போது, அவன் ‘திரும்பி’ வந்திருக்கிறான் என்று அரசாங்கத்தின் தாள் சொல்கிறது. உங்கள் குழப்பம் தொடங்கிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் இழந்ததை இழப்பு என்று சொல்ல ஒரு சொல்கூட உங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. திரும்பி வந்தவன் மகிழ்ச்சியாகத்தானே இருக்க வேண்டும்? அதனால் அந்தப் பையன் அழாமல் இருக்கக் கற்றுக்கொண்டான். 51 ஆண்டுகள் கழித்து லயத்து வாசலில் நின்றபோதும் அவன் அதையேதான் செய்தான். உங்கள் கண்கள் வறண்டிருந்ததற்கு நீங்கள் அந்த ஊருக்கு அந்நியரானது காரணமில்லை.

ஊரை நினைத்து ஏங்குவதை ஒரு காலத்தில் ஐரோப்பிய மருத்துவர்கள் நோயாகவே கருதினார்கள். 1688-இல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், வெளிநாடுகளுக்குப் போன சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஊர் நினைவில் மெலிந்துபோவதைக் கண்டு, ‘திரும்புதல்’, ‘வலி’ என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் சூட்டினார். ஊருக்குத் திருப்பி அனுப்புவதே அதற்கு உரிய மருந்து என்று அவர் நம்பினார். நீங்கள் அந்த மருந்தை உட்கொண்டு பார்த்துவிட்டீர்கள், வலி போகவில்லை. ஏனென்றால் நீங்கள் தேடிப் போனது லயத்தை மட்டுமல்ல. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும் சத்தம், அடுப்படியில் ரொட்டி சுடும் அப்பாயி, அவரிடம் ஓடி வரும் உங்கள் பதின்மூன்று வயது எல்லாம் சேர்ந்ததுதான் நீங்கள் தேடிய ஊர். வயதானவர்களின் நினைவில் சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரையிலான காலமே மிக அடர்த்தியாகத் தங்கியிருக்கும் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. அந்த அடர்த்தியின் முதல் மூன்று ஆண்டுகளை ஒரு கரையிலும் மீதியை மறு கரையிலும் வாழ நேர்ந்தவர் நீங்கள்.

அப்பாயி காலமான செய்தி கடிதமாக வந்து சேர இருபது நாட்கள் ஆயின என்றும், அதற்குள் எல்லாக் காரியமும் முடிந்திருந்தது என்றும், கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிக் கடந்துபோயிருக்கிறீர்கள். தலைமாட்டில் நிற்க முடியாத சாவு மனத்துக்குள் முடியவே முடியாது. அமெரிக்கக் குடும்ப நல அறிஞர் பாலின் பாஸ் இப்படிப்பட்ட முடிவற்ற இழப்புகளைப் பற்றி 1970-களிலிருந்து எழுதிவருகிறார். காணாமற்போன ராணுவ வீரர்களின் குடும்பங்களில் அவர் கண்டதை நான் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களில் பலமுறை கண்டிருக்கிறேன். இந்த ஆண்டு அப்பாயி நினைவாக ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, படம் இல்லாவிட்டாலும் விளக்கேற்றிப் படையுங்கள். மகனையும் மகளையும் பேரனையும் உடன் நிறுத்திக்கொண்டு, அந்தப் பிளாட்பாரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். குழந்தைகள் பார்க்கிறார்களே என்று அடக்காதீர்கள்.

துறையூரைப் பற்றி நீங்கள் ஒரு பத்திதான் எழுதியிருக்கிறீர்கள். அங்கே யாரும் உங்களை அறியவில்லை, ஆகவே அந்த ஊர் பொய் என்று முடித்துவிட்டீர்கள். ஆனால் கடிதம் முழுவதும் நீங்கள் பாட்டியை ‘அப்பாயி’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் தாயைத் திருச்சி, புதுக்கோட்டை வட்டாரங்களில்தான் பெரிதும் அப்படி அழைப்பார்கள். அரிசியும் சட்டியுமாக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைக்கு நடந்து போன உங்கள் முன்னோர் அந்தச் சொல்லையும் கொண்டுபோயிருக்கிறார்கள். கங்காணி மாறினார், துரை மாறினார், பயிர் காப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியது, கொடி மாறியது; அப்பாயி மட்டும் அப்பாயியாகவே இருந்து, கடலைத் தாண்டி உங்கள் வாயில் திரும்பி வந்திருக்கிறார். அதே போல, கோத்தகிரியில் 50 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பிறகும் நீங்கள் ரயிலைக் ‘கோச்சி’ என்றும் தேநீரைத் ‘தேத்தண்ணி’ என்றும் எழுதுகிறீர்கள். உங்கள் பேரனும் தேத்தண்ணி என்று கேட்பதாகவும், அவனுடைய அம்மா அதைத் திருத்துவதாகவும் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். மருமகளிடம் சண்டை வேண்டாம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் சொல்லுங்கள், அவர் திருத்துவதை நிறுத்திவிடுவார் என்று நம்புகிறேன்.

இப்படிப் பார்த்தால் உங்கள் மகன் துறையூர் என்று சொன்னது பொய்யன்று. ஐந்து தலைமுறைக் கதையின் முதல் வரியைச் சொல்லிவிட்டு, அடுத்த வரிகளைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். அந்த வரிகளைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கோத்தகிரியும் உங்கள் ஊர்தான் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நீலகிரியில் 1968 முதல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியதே உங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான். அந்தச் சரிவுகளில் கன்று நட்டவர்களில் உங்கள் பெற்றோரும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மலைகளுக்கு உங்களுக்கு முன்பே பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர். அவர்களுடைய உரிமை மூத்தது, அதை மதிக்க வேண்டும். ஆனால் ஓர் ஊரைத் தன் ஊர் என்று சொல்ல அங்கே முதலில் வந்தவராக இருக்க வேண்டும் என்று விதி வைத்தால், உலகில் மிகச் சிலருக்கே ஊர் இருக்கும். சிலோன்காரர் என்று உங்களை அழைக்கிறவரின் அனுமதிக்காகக் காத்திருந்து 50 ஆண்டுகள் போய்விட்டன. இனியும் காத்திருக்க வேண்டாம்.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றைக் கொஞ்சம் கடிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நான்கு பக்கக் கடிதத்தில், திருமணம் செய்துகொள்ளப்போகும் மகள் என்ன நினைக்கிறார் என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. கேள்வி கேட்டவர்கள் மாப்பிள்ளை வீட்டார், பதில் சொன்னது மகன், புண்பட்டது நீங்கள். அந்தப் பதிலைக் காப்பாற்றிக்கொண்டு வாழ்நாள் முழுவதும் அந்த வீட்டில் இருக்கப்போவது உங்கள் மகள். ஒவ்வொரு தீபாவளிக்கும், ஒவ்வொரு காதுகுத்துக்கும், துறையூரில் உங்கள் வீடு எங்கே என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருக்க வேண்டியவரும் அவர்தான். இந்தச் சம்பந்தம் அவருக்குப் பிடித்திருக்கிறதா, உண்மையைச் சொல்வதில் அவருக்குச் சம்மதமா என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால், பூ வைப்பதற்கு முன்பே மாப்பிள்ளையின் தகப்பனாரை நேரில் பார்த்து, மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நீங்களே சொல்லுங்கள்: “எங்க முன்னோர் துறையூர்ப் பக்கம். அங்கேயிருந்து இலங்கைக்குத் தோட்ட வேலைக்குப் போனவங்க. நான் தலவாக்கலையில பொறந்தேன். 1973-ல ஒப்பந்தத்துல வந்து கோத்தகிரியில இருக்கோம். பிள்ளைங்க ரெண்டு பேரும் இங்க பொறந்தவங்க.” ஐந்தே வாக்கியங்கள், எதையும் கூட்டவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம். இதைக் கேட்டு விலகிப்போகிற குடும்பமாக இருந்தால், அது திருமணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

பேரனுக்கு எட்டு வயது என்கிறீர்கள். அவனுக்கு இந்தக் கதையைச் சொல்லலாமா, மனம் கலங்கிவிடுவானா என்று மருமகள் அஞ்சுவது இயல்பு. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்பது போன்ற 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டு ஆராய்ந்தார்கள். குடும்பக் கதையை நன்கு அறிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாகவும் பதற்றம் குறைவாகவும் இருந்தன. வெற்றியை மட்டும் சொல்லும் கதையைக் காட்டிலும், விழுந்ததையும் எழுந்ததையும் சேர்த்துச் சொல்லும் கதையே பிள்ளைகளுக்குப் பலம் தருவது என்பது அவர்களுடைய முடிவு. கண்டியில் கொடுத்த, நால்வரும் ஒரே புகைப்படத்தில் நிற்கும் பழைய பாஸ்போர்ட்டை இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை எடுத்து அவன் கையில் கொடுங்கள். படத்தில் இருக்கும் பையன் யார் என்று அவனே கேட்பான்.

எந்த மண்ணில் புதைக்கச் சொல்வது என்ற கடைசிக் கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பாவின் சமாதியைச் சுற்றிப் புல் செதுக்கி வருவதாக, வேறு எதையோ சொல்லும் போக்கில், எழுதியிருக்கிறீர்கள். போன பொங்கலுக்கு அந்த வேலையை உங்களோடு சேர்ந்து செய்தவர் உங்கள் மகன். இந்தப் பொங்கலுக்குள் அவரோடு பேசிவிடுங்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு அவர் உடனே பதில் சொல்லமாட்டார், “அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா” என்றுதான் தொடங்குவார். அவசரப்படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவர் முழுவதும் சொல்லி முடிக்கும் வரை தலவாக்கலையைப் பற்றி நீங்கள் எதுவும் பேசாதீர்கள். பேசிய பிறகு எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.